சுனாமி மணல்மேட்டை என்ன செய்தது? தடயம் எங்கே?

28 டிசம்பர் 2024, காலை (இழையைத் தொடங்கியவரின் கேள்வி)

இருபதாம் ஆண்டு நினைவு நாளுக்கு நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் போயிருந்தேன். கடற்கரையோரமாக வெகுதூரம் நடந்து பார்த்தேன். நினைவுத்தூண்களை விட்டால் சுனாமி வந்துபோனதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை. மணல்மேடுகள் அடம்பங்கொடி படர்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி நிற்கின்றன. மணலுக்கு ஞாபகம் கிடையாது, நாலு நாள் காற்றடித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சுனாமியை மணலை வைத்தே கண்டுபிடித்தோம் என்று ஆய்வாளர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

28 டிசம்பர் 2024, இரவு

மேட்டின் கடல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அது வருஷா வருஷம் மாறுகிற இடம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறி மேட்டின் அடியைக் கடித்து மணலைக் கொண்டுபோகும். மாசிக்கு மேல் கடல் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்று அதை வாரி மேட்டில் போடும். இராவணன் மீசையும் அடம்பும் அதைப் பிடித்து நிறுத்தும். இப்படி ஓயாமல் புரள்கிற இடத்தில் 20 வருஷத்துக்கு முந்திய ஒரு காலைநேரத்தின் அடையாளம் எப்படி நிற்கும்?

மேட்டைத் தாண்டி மேற்கே இறங்கிப் பாருங்கள். பள்ளம் வரும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோரை முளைக்கும், மண் கறுத்திருக்கும். வழக்கமான அலை அங்கே எட்டாது, காற்றும் அந்த ஈர மண்ணைக் கிளப்பாது. ஒருமுறை அங்கே வந்து விழுந்த மணல் அங்கேயேதான் கிடக்கும். சுனாமியைத் தேடி வருகிறவர்கள் உலகம் முழுக்கத் தோண்டுவது இந்த மாதிரிப் பள்ளங்களில்தான்.

நான் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவிலுள்ள கடலோர ஊர்க்காரன். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

29 டிசம்பர் 2024

அலை மேட்டை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம்.

புயல் அலை பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை வந்து மோதிவிட்டுத் திரும்பும். சுனாமியில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். கடலே உயர்ந்து, நிமிஷக்கணக்கில் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். 2004-ல் தமிழகக் கரையில் தண்ணீர் ஏறிய உயரம் பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர். மேடு அதைவிட உயரமாக, தொடர்ச்சியாக இருந்த இடத்தில் அடி அரித்து, முகம் அரிவாளால் வெட்டினாற்போல் செங்குத்தாக இடிந்து விழுந்தது. பின்னாலிருந்த வீடுகள் தப்பின. மேடு தாழ்ந்திருந்த இடத்தில் தண்ணீர் முகட்டைச் சீவிக்கொண்டே ஏறிப் போனது. செடிவேர் பிடித்த திட்டுகள் மட்டும் தனித்தனியாக நின்றன.

இவை இரண்டையும்விட மோசம், உயரமான மேட்டில் ஓர் இடைவெளி இருந்த இடம்தான். வரும் தண்ணீர் அத்தனையும் அந்த வழியில் நெருக்கியடித்து நுழையும். இரண்டு பக்கமும் அரித்து வழியை அகலப்படுத்தும். உள்ளே போனதும் பரந்து, வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலை விசிறி வடிவத்தில் கொட்டும்.

திரும்பிப் போகும் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளே பரவிய தண்ணீர் மேட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும். கடல் இறங்கியதும் கிடைத்த ஒரே வழியில் எல்லாம் வெளியேறப் பார்க்கும். ஏரிக்கரை உடைப்பெடுக்கிற மாதிரிதான். வரும்போது வெட்டிய பள்ளத்தைவிட, போகும்போது வெட்டியது பல இடங்களில் ஆழமாக இருந்தது. ஆட்களைக் கடலுக்குள் இழுத்துப்போனதும் பெரும்பாலும் இந்தத் திரும்பு நீர்தான்.

29 டிசம்பர் 2024, சற்று நேரம் கழித்து

அடையாளமே இல்லை என்றீர்களே, நீங்கள் நடந்த கரையிலேயே ஒன்று இருக்கக்கூடும். எங்கள் ஊரில் வள்ளம் ஏற்றி இறக்கும் வழி ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் நடந்து, வள்ளம் இழுத்து, மேடு அங்கே இடுப்பளவுக்குத் தேய்ந்து கிடந்தது. அன்றைக்குத் தண்ணீர் நுழைந்தது அந்த வழியாகத்தான். அதற்கு நேர் பின்னால் தரையைக் குடைந்து ஒரு குட்டையை உண்டாக்கிவிட்டுப் போனது. குட்டை இன்றும் இருக்கிறது. கோரை மண்டி, ஜிலேபி கெண்டை திரிகிறது, எருமை படுக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதைப் பழைய குளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2004-க்கு முன்னால் அந்த இடத்தில் முந்திரி மரங்கள் நின்றன.

கடலோரத்தில் மேட்டுக்குப் பின்னால், எந்த வாய்க்காலோடும் சேராமல், வள்ள வழிக்கு நேராக ஒரு குட்டை இருந்தால் அதன் வயதை அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்.

1 ஜனவரி 2025

மரக்காணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேட்டில் நாலு அடி வழி விட்டால் அவ்வளவு வித்தியாசம் வருமா?"

வரும். இலங்கையின் தென்கிழக்கில், யால பகுதியில், 2005 ஜனவரியில் போன சர்வதேச ஆய்வுக்குழு இதைப் பதிவு செய்திருக்கிறது. அங்கே ஒரு சுற்றுலா விடுதி, தங்குகிறவர்களுக்குக் கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னாலிருந்த மணல்மேட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்தது. அலை அந்த விடுதியைத் தரைமட்டமாக்கியது. அக்கம்பக்கத்தில் மேட்டைத் தொடாமல் விட்ட இடங்களில் மேடு தாங்கி நின்றது. ஒரே கடல், ஒரே அலை.

எங்கள் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் ஏன் அவ்வளவு சாவு என்றால், முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான நிலம், நெருக்கமான வீடுகள், தடுக்க மேடே இல்லை. வேளாங்கண்ணியில் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கரை முழுக்க யாத்திரிகர்கள். நிலத்தின் உயரம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெற்கே வேதாரண்யம் பக்கத்தில் மேடு உயர்ந்து நின்ற ஊர்களில் வெறும் ஈரக்காலோடு பிழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

4 ஜனவரி 2025

குழிக்குள் என்ன தெரியும் என்று இரண்டு பேர் கேட்டதால் இது.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேட்டுக்குப் பின்னால், என் மாமாவின் தென்னந்தோப்பு. கன்று வைக்கக் குழி வெட்டினார்கள். குழியின் சுவரை மண்வெட்டியால் செதுக்கிச் சீராக்கிப் பார்த்தேன். மேலே நாலு விரல்கடை கறுப்பு மண், வேர் நிறைய. அதற்குக் கீழே வெளுத்த மணல், ஒரு சாண் இருக்கும். அதன் கீழ்க்கோடு கத்தியால் கீறினது போல் துல்லியம். அதற்கும் கீழே பழைய தோப்பு மண், மறுபடியும் கறுப்பு.

கிட்டத்தில் பார்த்தால் அந்த ஒரு சாண் மணலிலும் ஒரு வரிசை இருந்தது. அடியில் பருமணலும் உடைந்த சிப்பியும். மேலே போகப் போகத் துகள் சிறுத்துக்கொண்டே வந்து, உச்சியில் மாவு மாதிரி வண்டல். அதற்கு மேல் மறுபடியும் பருமணலில் தொடங்கி இன்னொரு வரிசை. ஓர் அலை வந்து, வேகம் குறைந்து, கனமானதை முதலிலும் லேசானதைக் கடைசியிலும் போட்டுவிட்டு நின்றிருக்கிறது, பிறகு இன்னொன்று. அடிப்பகுதியில் கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. பள்ளிக்கூடக் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதில் வைத்தால் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டன. கருமணல்தான். கார்னெட் என்ற செந்நிறக் கனிமத் துகளும் இருந்தது, அது ஒட்டவில்லை.

பழைய மண்ணின் மேற்பரப்பில் புல் அப்படியே படுத்துக் கிடந்தது. எல்லாப் புல்லும் மேற்கே தலைசாய்த்து. மணலுக்குள் ஒரு குழந்தையின் செருப்பு வாரும் நைலான் வலைத் துண்டும்.

மணலுக்கு ஞாபகம் இல்லை என்று இனிச் சொல்லாதீர்கள்.

5 ஜனவரி 2025

கடலூர்க்காரர் ஒருவரின் ஆட்சேபம் சரியான ஆட்சேபம். "நாகை கரையில் 1952-ல் புயல், 1977-ல் புயல், 2018-ல் கஜா. அந்த மணல் புயல் கொண்டுவந்ததாக ஏன் இருக்கக்கூடாது?"

என் மாமா தோப்பில் குழப்பமில்லை, பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பழைய படிவுகளில் இதுதான் பெரிய சண்டை. ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் தீரவில்லை.

பொதுவாகப் பார்ப்பது இவை. புயல் மணிக்கணக்கில் அடிக்கும், ஆயிரக்கணக்கான சின்ன அலை மேட்டைத் தாண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் மணல் போடும். ஆகவே புயல் படிவில் மெல்லிய வரிகள் நிறைய இருக்கும். மணல் மேட்டுக்குப் பின்னால் குவிந்து சீக்கிரம் முடிந்துவிடும். சுனாமியில் வரிசை ஒன்றோ இரண்டோ மூன்றோதான். தரையை ஒட்டிப் போர்வை விரித்தாற்போல் வெகுதூரம் போகும், போகப் போக மெலியும், துகளும் சிறுத்துக்கொண்டே போகும். அடிமண்ணையே பெயர்த்தெடுத்த சேற்றுக் கட்டிகள் மணலுக்குள் கிடக்கும். ஆழக்கடலில் மட்டும் வாழும் நுண்ணுயிர் ஓடுகள் கிடைத்தால் இன்னும் பலம்.

இதில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்தது. வேதாரண்யம் கடற்கரையில் அது கொண்டுவந்து போட்டது மணலே அல்ல, கடல்சேறு. முழங்கால் புதையும், படகு இறக்க முடியவில்லை. இன்னும் ஐந்நூறு வருஷம் கழித்து ஒருவர் அங்கே தோண்டினால் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு என்ன எழுதுவாரோ.

8 ஜனவரி 2025

ஆயிரம் வருஷக் கணக்குக்கு வருகிறேன்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் பிரா தோங் என்று ஒரு தீவு. ஒன்றன்பின் ஒன்றாக மணல் வரப்புகள், நடுநடுவே கறுத்த சேற்றுப் பள்ளங்கள். 2004 அலை அங்கே நம் கரையைவிடப் பல மடங்கு உயரம். பள்ளத்தில் வெட்டிப் பார்த்தபோது கறுப்புக்கு மேல் வெள்ளையாக 2004 மணல். அதற்குக் கீழே கறுப்பு, மறுபடி வெள்ளை, மறுபடி கறுப்பு. 2004-க்கு முந்திய கடைசி வெள்ளைப் பட்டையின் வயது ஏறக்குறைய 550 முதல் 700 ஆண்டு. அதற்கும் கீழே இன்னும் பழையவை. 2008-ல் வெளியான ஆய்வு. அதே சமயம் சுமத்ராவின் அச்சே கரையில் மெலாபோ அருகே இன்னொரு குழு வெட்டியது. அங்கே கிடைத்தவை கி.பி. 1290-க்கும் 1400-க்கும் இடையே ஒன்று, 780-க்கும் 990-க்கும் இடையே ஒன்று. இரண்டு குழுக்கள், இரண்டு நாடுகள், நடுவில் கடல், ஆனாலும் 14-ஆம் நூற்றாண்டை ஒட்டிய அந்த ஒன்றில் காலம் பொருந்துகிறது.

அச்சேயில் ஒரு கடலோரக் குகையும் உண்டு. வௌவால் எச்சம் ஓர் அடுக்கு, சுனாமி மணல் ஓர் அடுக்கு என்று மாறி மாறி. 7,400 ஆண்டு முதல் 2,900 ஆண்டு முன்புவரை குறைந்தது 11 சுனாமி. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஒன்றுமே வராத காலமும் அதில் இருக்கிறது, ஒரே நூற்றாண்டுக்குள் பல வந்த காலமும் இருக்கிறது. "2004-ல் வந்துவிட்டது, இனி 500 வருஷத்துக்குப் பயமில்லை" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்தக் குகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

8 ஜனவரி 2025, இரவு

வயது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு: மணலுக்கு மேலும் கீழும் உள்ள இலை, விதை, மரப்பட்டையில் கரிமக் கணக்கு, அதாவது அவற்றிலுள்ள கதிரியக்கக் கரிமம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பது. இன்னொன்று மணலையே கேட்பது. படிகக்கல் துகள் வெயிலில் கிடக்கும்வரை அதற்குள் எதுவும் சேராது. புதைந்து இருட்டுக்குப் போனதும் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சால் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக மின்னூட்டம் சேரும். ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சினால் சேர்ந்ததெல்லாம் வெளிச்சமாக வெளியே வரும். அதை அளந்தால் துகள் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று தெரியும். அதனால்தான் மாதிரியை இருட்டில், குழாய்க்குள் எடுக்கிறார்கள். சுனாமியில் மணல் கலங்கலுக்குள்ளேயே வருவதால் சில துகள்கள் வெயிலைப் பார்க்காமலே புதையும். அப்போது வயது கூடுதலாகக் காட்டும். அதற்கும் கழிவு போட்டுத்தான் கணக்கிடுகிறார்கள்.

11 ஜனவரி 2025

பூம்புகார் வராமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும். மூன்று பேர் மணிமேகலையைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது, உண்மை. அதே ஊரின் தொல்லியல் குழிகளிலேயே ஆராய்ந்து, ஏறக்குறைய 1000 ஆண்டுக்கு முந்திய, சோழர் காலச் சுனாமிப் படிவு என்று 2011-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது, அதுவும் உண்மை. இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். மணிமேகலை அந்தப் படிவைவிடப் பல நூற்றாண்டு பழையது. காப்பியத்தில் வரும் கடல்கோளுக்கு வேறொரு மணல் அடுக்கு கிடைத்தால்தான் பேச முடியும். தமிழனுக்கு முன்பே தெரியும் என்று எழுதும் ஆசையில் நல்ல ஆய்வைக் கெடுக்க வேண்டாம். அச்சேயின் 780–990 அடுக்கோடு இந்தச் சோழர் காலப் படிவை ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கு அதைவிட ஆர்வமாக இருக்கிறது.

மாமல்லபுரம் வேறு கதை. அங்கே 2004 அலை மணலைப் போட்டதைப் போலவே எடுத்தும் காட்டியது. கரைமணலை அரித்ததில், அதுவரை புதைந்திருந்த பாறைச் சிற்பங்கள் வெளியே வந்தன. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன, அதில் ஒன்று ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. அது முருகன் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்லவே, 2005-ல் தொல்லியல் துறை பக்கத்து மணல்மேட்டைத் தோண்டியது. கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். செங்கல் கோயிலைச் சாய்த்தது பழைய சுனாமி என்று தோண்டியவர்கள் கருதினார்கள். நான் 5-ஆம் தேதி எழுதிய சந்தேகங்களோடு அதைப் படியுங்கள். புயலும் அந்தக் கரைக்குப் புதிதல்ல.

12 ஜனவரி 2025

ஒரு சின்னக் குறிப்பு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் பெரிய நிலநடுக்கம். சுனாமி நாகப்பட்டினம் வரை வந்தது, துறைமுகத்தின் கடல்மட்டக் கருவியில் பதிவாகியிருக்கிறது. உயரம் ஒரு மீட்டருக்குள். 1883 கிரக்கட்டோவா எரிமலை வெடிப்பின் அலையும் அதே கருவியில் உண்டு. இரண்டுக்கும் மேட்டுக்குப் பின்னால் மணல் தேடினால் கிடைக்காது. மேட்டைத் தாண்டியதை மட்டும்தான் நிலம் எழுதி வைக்கும்.

17 ஜனவரி 2025

பொங்கல் வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் மரமா மேடா என்று பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது.

பிச்சாவரம், பரங்கிப்பேட்டை பக்கம் 18 கடலோர ஊர்களை வைத்து, சதுப்புக்காடும் மரமும் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே எண்களைத் திரும்பக் கணக்கிட்டு, ஊர் எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது, மரத்துக்கென்று தனியாக மிஞ்சுவது மிகக் குறைவு என்றார்கள். காடு இருக்கும் இடம் பெரும்பாலும் ஊரைக் கடலிலிருந்து தள்ளி வைத்திருக்கும். எதன் பலன் எது என்று பிரிப்பது கடினம்.

எங்கள் பக்கத்து நாலுவேதபதியில் 2002-ல் ஒரே நாளில் 80,244 கன்று நட்டுக் கின்னஸில் ஏறினார்கள். 2004-ல் ஊர் பெருஞ்சேதமின்றித் தப்பியதற்கு அந்த மரங்களைத்தான் காரணமாகச் சொல்வார்கள். மரத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மேட்டை இடித்துவிட்டு மரம் நட்டால் ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. சுனாமிக்குப் பிறகு கரையோரம் சவுக்கு நட வந்தவர்கள், வரிசை நேராக வரவேண்டும் என்பதற்காக எந்திரம் விட்டுச் சின்னச் சின்ன மேடுகளைச் சமன் செய்ததைப் பார்த்தேன். இராவணன் மீசைப் புதரை வேரோடு பெயர்த்துக் கடலோரமாகக் குவித்தார்கள். நின்று சத்தம் போட்டோம். "பாதுகாப்புக்குத்தானே நடுகிறோம்" என்றார் மேற்பார்வை பார்த்தவர். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. அந்த மேடு வளர எத்தனை கோடை வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணல்மேடு எளிதில் பாதிக்கப்படும் இடங்களின் பட்டியலில், மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் இருக்கிறது. 2019-லும் அப்படியே. கிராம சபையில் பேசுகிறவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

19 ஜனவரி 2025

28-ஆம் தேதி "அங்கேயேதான் கிடக்கும்" என்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடித்த அடுக்குதான் கிடக்கும். தாய்லாந்துக் கரையில் 2004 படிவுகளை வருஷா வருஷம் போய்ப் பார்த்தவர்கள், பத்து சென்டிமீட்டருக்கும் மெலிந்த மணல் சில ஆண்டுகளிலேயே மண்ணோடு கலந்துவிடுவதைக் கண்டார்கள். வேர் இறங்கும், மண்புழு புரட்டும், நண்டு வளை தோண்டி அடிமண்ணை மேலே தள்ளும். உப்பு முதல் மழைக்காலத்திலேயே கழுவிப் போய்விடும். நம் கரையில் பல இடங்களில் படிவு விரல்கடைதான். மாமா தோப்பில் ஒரு சாண் நின்றது, இடைவெளிக்கு நேர் பின்னால் இருந்ததால்.

ஆகவே ஒரு பள்ளத்தில் மணல் அடுக்கு இல்லை என்பதால் சுனாமி வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

19 ஜனவரி 2025, இரவு

இதையொட்டியே இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. மணல் எங்கே முடிகிறதோ அங்கே தண்ணீரும் முடிந்தது என்று அர்த்தமில்லை.

ஜப்பானில் செண்டாய் சமவெளியில் வயலுக்கடியில் ஒரு மணல் அடுக்கு உண்டு. 869-ஆம் ஆண்டு ஜோகன் சுனாமி. அரசவைக் குறிப்பிலேயே ஆயிரம் பேர் மூழ்கியது எழுதியிருக்கிறது. மணல் போன தூரத்தை வைத்து அலையைக் கணக்கிட்டார்கள். 2009-ல் ஃபுகுஷிமா அணுமின் நிலையப் பாதுகாப்பு பற்றிய அரசுக் கூட்டத்தில் ஓர் ஆய்வாளர் இந்தப் பழைய சுனாமியைக் கணக்கில் எடுங்கள் என்றார். எடுக்கவில்லை. 2011 மார்ச் 11 அன்று பெரிய சுனாமி வந்தது. அதன் பிறகு அளந்தபோது, தண்ணீர் நாலு கிலோமீட்டருக்கு மேல் போன இடத்தில் கண்ணுக்குத் தெரியும் மணல் மூன்று கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிட்டிருந்தது. அதற்கு அப்பால் வெறும் சேறு, சில மழையில் அதுவும் அடையாளம் தெரியாமல் போகும். அப்படியானால் 869-ம் மணல் காட்டியதைவிடத் தூரம் போயிருக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு அபாயக் கோடு வரைகிறவர்கள் மணல் முடிந்த இடத்தில் கோட்டைப் போட்டுவிடக் கூடாது.

26 ஜனவரி 2025

தண்ணீரைப் பற்றி வேதாரண்யத்து அக்கா ஒருவர் எழுதியிருப்பதற்கு நன்றி. நான் விட்டுவிட்ட விஷயம். மேடு அலையைத் தடுப்பதோடு மழைநீரையும் பிடித்து வைக்கிறது. மணலில் இறங்கிய நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். எங்கள் பக்கம் மேட்டோரம் கையால் தோண்டினாலே ஊற்று இனிக்கும். மாங்கொல்லைகள் பிழைப்பது அதில்தான். மேட்டை வெட்டினால் அந்தத் தண்ணீரும் போய்விடும்.

சுனாமிக்குப் பிறகு கிணறுகளில் உப்பு ஏறியதும் எஞ்சின் வைத்து இறைத்துத் தள்ளினார்கள். சில இடங்களில் இறைக்க இறைக்க உப்பு கூடியது. மேலே மிதந்த நல்ல தண்ணீரும் போய், அடியிலிருந்த கடல்நீர் மேலே வந்துவிட்டது. மெதுவாக இறைத்து இரண்டு மழைக்குப் பொறுத்திருந்தவர்கள் கிணறு சீக்கிரம் தேறியது.

9 பிப்ரவரி 2025

இழையைத் தொடங்கிய தம்பி மறுபடி வந்து ஒரு படம் போட்டிருக்கிறார். வேளாங்கண்ணிக்குத் தெற்கே நண்பர் வீட்டுக் கழிவுத்தொட்டிக் குழி. சுவரில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிகிறது. சுனாமியா என்று கேட்கிறார்.

படத்தை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. வீடு கட்ட லாரியில் கொட்டிய மணலாகவும் இருக்கலாம், காற்று கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். காற்று மணல் என்றால் எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், சிப்பி இருக்காது. கொட்டிய மணல் என்றால் கீழ்க்கோடு திட்டுத்திட்டாக இருக்கும், ஜல்லியோ செங்கல் துண்டோ கிடக்கும். இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கச் சுவரை மட்டும் கரண்டியால் மேலிருந்து கீழாகச் செதுக்கி, பக்கத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்டுப் படம் எடுங்கள். வெயில் நேராக அடிக்காத நேரம் நல்லது. பட்டை எல்லாச் சுவரிலும் போகிறதா, மேற்குச் சுவரில் மெலிகிறதா, அடியில் கறுப்புக் கோடு உண்டா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிப்பியைக் கையால் பிடுங்க வேண்டாம். குழிக்குள் தனியாக இறங்கவே வேண்டாம், மணல் சுவர் சொல்லாமல் சரியும்.

அப்புறம் மேஸ்திரியிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரை உறை இறக்காமல் வைக்கச் சொல்லுங்கள். நான் காந்தத்தோடு வருகிறேன். திருவாரூர்ப் பக்கம் கல்லூரியில் நிலவியல் நடத்தும் ஒருவரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவரிடம் மாதிரி எடுக்கும் குழாய் இருக்கிறது. இடையில் மழை வந்தால் குழி மேல் ஒரு தார்ப்பாய் போட்டுவிடுங்கள்.